செவிட்டுக் கேமரா

நூறு நிமிடம் ஓடுகிற ஒரு சினிமா மூன்று அரசாங்கங்களைக் கவிழ்த்துவிடும் என்பதில் எர்மேதே ஸ்கராவெல்லிக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. முதலில் ஸ்பெயின், அடுத்து போர்ச்சுகல், அதன்பின் கிரீஸ். இத்தாலியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே படத்தின் விநியோக உரிமை இன்னும் விற்றாகவில்லை. 1968 மே மாதம், தெற்கு ஸ்பெயினில், அல்மெரியாவின் வறண்ட ஆற்றுப்படுகை ஒன்றில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இதைச் சொன்னான். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒளிப்பதிவு உதவியாளர், "அதுக்குள்ள அந்த உப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார்.

எர்மேதேவுக்கு வயது இருபத்தாறு. பார்மாவில் பிறந்து ரோமுக்கு வந்து திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தான். மார்ச் மாதம் ரோமில் மாணவர்கள் போலீஸோடு மோதியபோது அவனால் போக முடியவில்லை. திரைக்கதையின் மூன்றாம் திருத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட, திருத்தத்தில் பதினோரு பேரைக் கூடுதலாகச் சாகவிட்டான்.

படம் மெக்ஸிகோ புரட்சியைப் பற்றியது. தகப்பனைப் பண்ணையாரிடம் பறிகொடுத்த ஒருவன் புரட்சிப் படையில் சேர்ந்து பழி தீர்க்கிறான். எர்மேதே அதற்கு 'நிலம் யாருடையது' என்று பெயர் வைத்திருந்தான். தயாரிப்பாளர் பரோந்தினி படித்து, உருகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'நூறு பிணத்துக்கு ஒரு குழி போதாது' என்று மாற்றினார். "நிலம்னு போட்டா விவசாயப் படம்னு நெனைப்பாங்கப்பா. குழின்னு போடு. அதுலயும் நிலம் இருக்குல்ல?"

பண்ணையாருக்கு எதிரான இந்தப் படத்துக்கு ஆற்றுப்படுகை, அறுபது குதிரைகள், வெள்ளையடித்த சிறு கோயில் எல்லாவற்றையும் கொடுத்து உதவியவர் ஒரு பண்ணையார். பெயர் தோன் ஹினேஸ் அர்த்தேரோ. தினமும் காலையில் மடக்கு நாற்காலியோடு வந்து நிழலில் உட்கார்ந்து படப்பிடிப்பைப் பார்ப்பார். வில்லன் செத்து விழும் காட்சியை எல்லோரையும்விட அதிகமாக ரசித்தவர் அவர்தான். எர்மேதே அவரைப் பற்றித் தனியாகப் பேசும்போது 'வர்க்க எதிரி' என்பான். நேரில் பார்க்கும்போது தொப்பியைக் கழற்றுவான். அது வளர்ப்பு.

அரசாங்கங்களுக்கு அடுத்தபடியாக எர்மேதே வெறுத்தது ஒரு கிழவரை. ரோமில் டப்பிங் வேலை செய்யும் பெல்லெக்ரீனோ போன்ஃபாத்தி. இத்தாலியர்கள் படம் எடுக்கும்போது ஒலியைப் பதிவுசெய்வதில்லை. ஜெனரேட்டர் உறுமும், தச்சர்கள் ஆணி அடிப்பார்கள், இயக்குநர் ஷாட்டுக்கு நடுவிலேயே கத்துவார். நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் வாயை அசைப்பார்கள். இந்தப் படத்தின் அமெரிக்கக் கதாநாயகன் காதல் காட்சிகளில் தன் முன்னாள் மனைவிமாரின் வக்கீல்கள் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு ரோமில் பெல்லெக்ரீனோ மாதிரி ஒருவர் உட்கார்ந்து, உதடு எங்கே மூடுகிறது, எங்கே திறக்கிறது என்று எண்ணி, அந்த அளவுக்கு வசனத்தை வெட்டிப் பொருத்துவார். முசோலினி காலத்தில் வெளிநாட்டுப் படங்களையெல்லாம் இப்படித்தான் நாட்டுக்கு ஏற்றபடி திருத்தினார்கள். ஒரு படத்தில் கள்ளக்காதலியைச் சித்தி மகளாக்கினார் பெல்லெக்ரீனோ. இன்னொன்றில் ஒரு வேலைநிறுத்தத்தைத் திருவிழாவாக்கினார். ஆயிரம் தொழிலாளிகள் கையை உயர்த்திக் கத்துகிறார்கள். கொட்டகையில் கேட்டது புனிதர் மீது பாட்டு.

புறப்படுமுன் ரோமில் ஒரு சாப்பாட்டுக் கடையில், பத்துப் பேர் நடுவில், எர்மேதே இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டான்.

"ஐயா, ராத்திரி தூக்கம் வருதா உங்களுக்கு? எத்தனை பேர் வாயைத் தைச்சிருப்பீங்க?"

"தைக்கலப்பா. அளவு எடுத்தேன்."

"மிரட்டினாங்களாக்கும்?"

கிழவர் ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மிரட்டியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். மரியாதையாத்தான் கேட்டாங்க."

கடையே சிரித்தது. எர்மேதே எழுந்து நின்று, இந்தப் படத்தில் மக்கள் பேசியது பேசியபடியே வரும் என்றும், உதட்டைப் பார்த்துப் பிழைக்கிற ஈனத் தொழில் தன் காலத்தோடு ஒழியும் என்றும் அறிவித்தான். கிழவர் அவனுக்கும் சேர்த்து ஒரு கோப்பை மது சொன்னார்.

சுட்டுக் கொல்லும் காட்சி எடுத்த அன்று மணற்காற்று வேண்டியிருந்தது. இயற்கைக் காற்று ஒத்துழைக்காததால் பழைய விமான விசிறி ஒன்றை எஞ்சினோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அது ஓடினால் பக்கத்தில் நிற்பவன் தும்முவதுகூடக் கேட்காது. கோயில் சுவரோரம் வெள்ளைச் சட்டை போட்ட ஆறு உள்ளூர்க்காரர்கள், மெக்ஸிகோப் புரட்சிக்காரர்களாக. எதிரில் படைமுகாமிலிருந்து இரவல் வாங்கிய நிஜச் சிப்பாய்கள், மெக்ஸிகோ ராணுவமாக. அவர்களுக்கு உடுப்பு மாற்ற ஐந்து நிமிடம் ஆயிற்று. முகபாவத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இயக்குநர் ஒலிந்தோ அந்த ஆறு பேரில் ஒருவனை நடுவில் நிறுத்தினார். பெயர் இந்தாலேசியோ, தோன் ஹினேஸின் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவன். நாற்பதை நெருங்கிய வயது. வெயிலில் வெந்து வெடித்த நிலம் மாதிரி ஒரு முகம். ஒலிந்தோவுக்கு அந்த முகத்தில் க்ளோசப் வேண்டும்.

"சுடறதுக்கு முன்னாடி எதையாவது கத்துப்பா" என்றார் ஒலிந்தோ. "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணு. இல்ல, குதிரைங்க பேரைச் சொல்லு. வாய் அசைஞ்சாப் போதும்."

"'நிலமும் விடுதலையும்'னு கத்தச் சொல்லலாமே?" என்றான் எர்மேதே.

ஒலிந்தோ, சிப்பாய்களோடு வந்திருந்த அதிகாரியைக் கடைக்கண்ணால் பார்த்தார். "எண்ணட்டும்ப்பா. எண்ணினா எந்த நாட்டுலயும் குத்தமில்ல."

விசிறி சுற்றியது. மணல் பறந்தது. எர்மேதே கேமராவுக்குக் கீழே, இந்தாலேசியோவிடமிருந்து மூன்று எட்டுத் தூரத்தில் குந்தியிருந்தான். அதனால் அந்தப் படுகையில் இருந்த எண்பது பேரில் அவன் காதில் மட்டும் விழுந்தது.

இந்தாலேசியோ எண்ணவில்லை. கேமராவைப் பார்க்கவில்லை. விசிறிக்குப் பின்னால், நாற்பது எட்டுத் தூரத்தில், நாற்காலியைப் பார்த்துக் கத்தினான்:

"ஹினேஸ் அர்த்தேரோ! எங்கப்பன் பிளாஸைக் காட்டிக் குடுத்தவன் நீ! எங்கப்பனைக் கொன்னவன் நீ!"

துப்பாக்கிகள் வெடித்தன. இந்தாலேசியோ விழுந்தான்.

"அற்புதம்!" என்று குதித்தார் ஒலிந்தோ. "கை தட்டுங்க எல்லாரும்!"

எல்லோரும் தட்டினார்கள். தோன் ஹினேஸ் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்தே நின்று தட்டினார்.

சிறிது நேரம் கழித்துத் தண்ணீர் வண்டிக்குப் பின்னால் இந்தாலேசியோ உட்கார்ந்திருப்பதை எர்மேதே கண்டான். கையில் பிரிக்காத புகையிலைப் பொட்டலம்.

"தம்பி, பதிஞ்சிருச்சா?" என்றான்.

"என்னது?"

"நான் சொன்னது. அந்தப் பெட்டிக்குள்ள போயிருச்சா?"

"அது... கேமராவுக்குக் காது கிடையாது தோழரே. படம் மட்டும்தான் பிடிக்கும்."

"அந்த வார்த்தைய மெதுவாச் சொல்லுங்க. இங்க அதுக்கு ஆறு வருஷம் ஜெயில்." பிறகுதான் மற்றது அவனுக்கு உறைத்தது. "காது கிடையாதா?"

"குரலை எல்லாம் ரோம்ல போய்ச் சேர்ப்போம்."

இந்தாலேசியோ சிரித்தான். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "மூணு வாரமா யோசிச்சு, பயந்து, வயித்தால போயி, கடைசில ஒரு செவிடன்கிட்ட போய்க் கத்திருக்கேன்! எங்க பெரியவர் கை தட்டுனார் பாத்தீங்களா? நான் செத்து விழுந்தது ரொம்ப நல்லா இருந்துச்சாம். புகையில குடுத்து விட்டிருக்கார்."

எர்மேதே பக்கத்தில் உட்கார்ந்தான். ஒருவன் இத்தாலியத்திலும் ஒருவன் ஸ்பானியத்திலும் பேசினார்கள். பாதி தானாகப் புரிந்தது, மீதி புரியாமலிருக்க வழியில்லை.

முப்பத்தொன்பதில் உள்நாட்டுப் போர் முடிந்து, ஜெயித்தவர்கள் ஊருக்குள் வந்தபோது, தோன் ஹினேஸ் சுட வேண்டியவர்கள் என்று ஒன்பது பேரின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஆறாவது பெயர் பிளாஸ். போர்க்காலத்தில் பண்ணையிலிருந்து எடுத்துப் பங்கிட்ட நிலத்தில் கிணறு தோண்டியவன். அதைத் தவிர அவன் வேறு எதுவும் செய்யவில்லை. கிணறு இன்றைக்கும் தோன் ஹினேஸிடம் நன்றாக ஊறுகிறது.

"ஊருக்கே தெரியும் தம்பி. ஆனா அவர் பேரையும் எங்கப்பன் பேரையும் ஒரே மூச்சுல ஒருத்தரும் சொன்னதில்ல. எங்கம்மா சாகும்போது ரெண்டு பேரையும் சொன்னா. ஆனா தனித்தனியா."

"உங்களுக்குத் துப்பாக்கி எடுக்கணும்னு தோணலயா?"

"தோணாம? மூணு பிள்ளைங்க இருக்கே. உங்க படத்துல பழி வாங்கறவனுக்கு ஒரு பிள்ளைகூட இல்ல, பாத்தேன். வசதிதான்."

இந்தாலேசியோ புகையிலைப் பொட்டலத்தைத் தரையில் வைத்தான்.

"எனக்கு ரத்தமெல்லாம் வேணாம்" என்றான் இந்தாலேசியோ. "ஒரே ஒரு கொட்டகை. முன்னப்பின்ன தெரியாத சனம் ஒரு முந்நூறு பேர் உக்காந்திருக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்தாப்புல அவங்க காதுல விழணும். எங்கக்கா அம்பாரோ பிரான்ஸ் எல்லை தாண்டிப் போயி துலூஸ்ல இருக்கா. மீன் டப்பா அடைக்கிற வேலை. அவ போய்க் கேக்கணும். அம்புட்டுத்தான்."

எர்மேதே எழுந்து நின்றான். உட்கார்ந்துகொண்டு சத்தியம் செய்ய அவனுக்கு வராது.

"வசனப் பட்டியலை முடிவு பண்றது நான். நீங்க சொன்னது சொன்னபடி வரும். ரோம்ல எழுதறதைப் பார்த்துத்தான் பிரான்ஸ்லயும் எழுதுவாங்க. எவனாலயும் மாத்த முடியாது."

"பெரிய பேச்சு."

"ஆனா உங்களுக்கு ஆபத்து வருமே? அவர் காதுக்குப் போனா?"

"என் பயத்தை நான் பாத்துக்கறேன். இருபத்தொன்பது வருஷமாச் சுமந்து பழக்கம். நீங்க உங்க வேலையைப் பாருங்க, தம்பி."

அன்று மாலையே எர்மேதே துலூஸுக்குக் கடிதம் எழுதினான். படத்தின் பெயரை எழுதும்போது மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அக்டோபரில் ரோமில் டப்பிங் தொடங்கியது. உதட்டு வசனம் பெல்லெக்ரீனோவுக்கே வந்து சேர்ந்தது. அந்த விலைக்கு அவ்வளவு நேர்த்தியாகச் செய்ய வேறு ஆள் இல்லை. எர்மேதே அவரிடம் இந்தாலேசியோவின் கதையைச் சொன்னான். சொல்லும்போது இரண்டு இடங்களில் கண் கலங்கினான். கிழவர் கலங்கவில்லை. "அந்தத் துண்டை எனக்கு ஓட்டிக் காட்டச் சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

டப்பிங்கில் ஒரு வசனம் வரும் படச்சுருளைத் தனியாக வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்குவார்கள். அது திரும்பத் திரும்ப ஓடும். இந்தாலேசியோ சத்தமில்லாமல் கத்தினான், சுடப்பட்டான், மறுபடி கத்தினான். பெல்லெக்ரீனோ மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் காலை ஒன்பதரைக்கு, டைப் அடித்து வாங்கிய ஒரு தாளை எர்மேதேவிடம் நீட்டினார். இரண்டு பெயரும் இருந்தன. சொன்னது சொன்னபடி இருந்தது. உதடு மூடும் இடத்தில் எழுத்து மூடியது, திறக்கும் இடத்தில் திறந்தது.

"முப்பது வருஷமா வாய் ஒண்ணு சொல்லும், நான் ஒண்ணு எழுதுவேன்" என்றார் கிழவர். காது மடல் சிவந்திருந்தது. "இப்பதான் தெரியுது, சொன்னதையே எழுதறது எவ்வளவு சுலபம்னு. அதுக்குத்தானே அந்த வாய் திறந்திருக்கு!"

எர்மேதே அவரைக் கட்டிக்கொண்டான். குரல் கொடுப்பவர் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது.

பத்து மணிக்குப் பரோந்தினி வந்தார். கையில் இனிப்பு ரொட்டிப் பெட்டி.

"எர்மேதே! உன் அடுத்த கதையைப் படிச்சேன். அழுதுட்டேன்டா. என் பொண்டாட்டி பயந்துட்டா. நீயே டைரக்ட் பண்ணு."

எர்மேதேவுக்குக் காது அடைத்தது. "நானா?"

"பின்ன யாரு, நானா? மார்ச்ல ஆரம்பிக்கிறோம். அதே இடம். தோன் ஹினேஸ் இந்தத் தடவை வீட்டையே தர்றார். உன்னைத்தான் விசாரிச்சார். அந்தக் கண்ணாடி போட்ட பையன், தொப்பியக் கழட்டுவானே, நல்ல பிள்ளைன்னார்."

எர்மேதே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

"அப்புறம் ஒண்ணு. வசனப் பட்டியலை மாட்ரிட் கூட்டாளிக்கு இன்னிக்கு அனுப்பணும். ஆறாம் ரீல்ல ஏதோ உள்ளூர்க்காரர் பேரு வருதுன்னு டைப் அடிக்கிற பொண்ணு சொன்னா. நான் படிக்கல. நீ எழுதினா நான் எதுக்குப் படிக்கணும்? மாத்துன்னும் சொல்ல மாட்டேன். நீ கலைஞன். உன் மனசாட்சிக்கு எது சரின்னு படுதோ, செய்." ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தார். "நல்லா இருக்கு, சாப்பிடு."

அவர் போன பிறகு எர்மேதே அறைக்குள் மூன்று முறை நடந்தான். புரட்சிக்குத் தந்திரம் வேண்டும் என்று பெரியவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு வாக்கியத்துக்காக ஒரு முழுப் படத்தை இழப்பது சிறுபிள்ளைத்தனம். அடுத்த படத்தில் அந்தப் பண்ணையாரை அவர் வீட்டு முற்றத்திலேயே வைத்துத் தோலுரிக்கலாம். போதாததற்கு இந்தாலேசியோவுக்கும் பிள்ளைகள் மூன்று. மூன்று! அவனைக் காப்பாற்றும் பொறுப்பு யாருக்கு இருக்கிறது?

"ஐயா" என்றான் பெல்லெக்ரீனோவிடம். "அந்த வசனத்தைக் கொஞ்சம் மாத்தணும். அவன் உயிருக்கு ஆபத்து."

"தன் பயத்தைத் தானே பாத்துக்கறேன்னு அவன் சொன்னதா நீதானே சொன்னே? அழுதுகிட்டே சொன்னியே."

"அவனுக்குத் தெரியாது, ஐயா. நாமதான் யோசிக்கணும். பேரு வேணாம். உதடு பொருந்தற மாதிரி வேற ஏதாவது. உங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை."

பெல்லெக்ரீனோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு சரியா தெரியலப்பா" என்றார். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

மணி பத்தரை. எர்மேதே புரொஜெக்டர் அறைக்குக் கை காட்டினான். வளையம் ஓடத் தொடங்கியது. இந்தாலேசியோ வாயைத் திறந்தான்.

முதலில் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அந்த வாய் என்ன சொல்கிறது என்று தெரிந்ததுதான் தொல்லை. 'நிலமும் விடுதலையும்' என்று எழுதிப் பார்த்தான். நீளம் போதவில்லை, உதடு பாதியில் அநாதையாக நின்றது. ஒரு பிரார்த்தனையைப் பொருத்திப் பார்த்தான். கொட்டாவி விடுவதுபோல் இருந்தது. ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது: கண்ணைப் பார்க்கக் கூடாது. உதட்டை மட்டும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வேலை ஓடியது. மூடுகிறது, திறக்கிறது, நீள்கிறது, மூடுகிறது. விரலால் மேசையில் தட்டித் தட்டி எண்ணினான். பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வசனம் கிடைத்துவிட்டது. உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. அது தொழில் சந்தோஷம், யாருக்கும் வரக்கூடியதுதான்.

குரல் கொடுப்பவர் லாந்தோ வந்தார். பருமனான மனிதர், வெண்கலக் குரல். தாளை வாங்கிப் படித்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பெல்லெக்ரீனோ எழுதினதா?"

"ஆமா" என்றான் எர்மேதே.

விளக்கு அணைந்தது. திரையில் இந்தாலேசியோ, சுவரோரம், மணற்காற்றில், விசிறிக்குப் பின்னால் இருந்த நாற்காலியைப் பார்த்து, கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தான். லாந்தோவின் குரல் அதிலிருந்து புறப்பட்டது:

"அடேய் கேப்டன்! இவங்கள நம்பி என்னை நிக்க வெச்சிருக்கியே! எம் பொண்டாட்டி இவங்களவிட நல்லாக் குறி பார்ப்பாளேடா!"

துப்பாக்கிகள் வெடித்தன. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கொட்டகைகளில் இந்த இடத்துக்குக் கைதட்டல் நிச்சயம்.

எர்மேதே சிரிக்கவில்லை. திரைக்கு இன்னும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வார்த்தை ஓர் இமைப்பொழுது தள்ளி விழுகிறது என்றான்.

"உதட்டோட இன்னும் கொஞ்சம் ஒட்டி வரணும், லாந்தோ. இன்னொரு தடவை."